பீஸ் கட்டையை எடுத்துவிட்டு எம்.சி.பி. பெட்டி மாட்டுவது எப்படி: பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரை மாசி வீதிகளுக்குள் இருக்கும் பழைய வீடுகளில் நடையைத் தாண்டினால் சுவரில் ஒரு மரப்பலகை இருக்கும். கைப்பிடி வைத்த இரும்பு மெயின் சுவிட்ச், பக்கத்தில் வெள்ளைப் பீங்கானில் நாலைந்து பீஸ் கட்டைகள், பலகைக்குப் பின்னால் எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாத ஒயர்கள். எஸ்.எஸ். காலனி, எல்லிஸ் நகர் பக்கம் முப்பது நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய வீடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். கட்டிய காலத்தில் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது நாலு டியூப் லைட், மூன்று ஃபேன், ஒரு ரேடியோ. இன்றைக்கு அதே ஒயரில் ஏ.சி., கீசர், இன்டக்‌ஷன் அடுப்பு, போர் மோட்டார் எல்லாம் ஓடுகின்றன.

"இதைத் தூக்கிப் போட்டுவிட்டு எம்.சி.பி. மாட்டிவிடலாம்" என்று நினைப்பது சரிதான் (எம்.சி.பி. என்பது கரன்ட் அளவுக்கு மீறினால் தானே விழுந்து லைனை அறுக்கும் சுவிட்ச்). ஆனால் பெட்டி மாட்டுவது இந்த வேலையின் பின்பாதி. சுவருக்குள் ஓடும் ஒயரும் மண்ணுக்குள் இருக்கும் எர்த்தும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமல் பெட்டியை மட்டும் மாற்றினால் பணம் செலவாகும், பயம் போகும், ஆபத்து அப்படியே இருக்கும்.

நீங்களே ஸ்குரூ டிரைவரோடு இறங்குவதற்காக இதை எழுதவில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி பல்பு, ஃபேன், பீஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளைத் தவிர மற்ற ஒயரிங் வேலைகளை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். கை வைப்பவரிடம் தகுதிச் சான்று இருக்க வேண்டும். நம் ஊரில் "நம்ம பயதான், நல்லா வேலை பார்ப்பான்" என்று தெரிந்தவரைக் கூப்பிடுவதுதான் வழக்கம். கூப்பிடுங்கள். ஆனால் சான்று இருக்கிறதா, மெக்கர் (ஒயரின் தோலில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) இருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். மெக்கர் என்றால் என்னவென்று திருப்பிக் கேட்பவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

வீட்டுக்காரருக்கு இதில் வேறு வேலை இருக்கிறது. கணக்கெடுக்க வேண்டும், பொருள் வாங்க வேண்டும், வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கேள்வி கேட்க வேண்டும், முடிந்ததும் சோதித்துப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

பீஸ், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி.

பீஸ் கட்டை மோசமான பொருள் கிடையாது. சரியான கம்பி போட்டால் அது தன் வேலையைச் செய்யும். 5 ஆம்பியருக்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைக் கம்பி போதும். ராத்திரி பத்து மணிக்குக் கரன்ட் போய், குழந்தை அழும்போது யார் அந்தக் கம்பியைத் தேடுகிறார்கள்? ஏதோ ஒரு பழைய ஒயரைச் சீவி, மூன்று இழையை முறுக்கிச் சொருகிவிடுகிறோம். "இனிமே போகவே போகாது" என்று பெருமை வேறு. மூன்று இழை என்றால் அது ஏறக்குறைய 15 ஆம்பியர் பீஸ். சுவருக்குள் ஓடுவதோ அந்தக் காலத்து 1/18 ஒயர், அதாவது 18 கேஜில் ஒற்றைக் கம்பி. அதன் செம்பு 1.2 சதுர மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அளவுக்கு மீறி கரன்ட் ஓடும்போது முதலில் சூடேறுவது சுவருக்குள் இருக்கும் ஒயர்தான்; பீஸ் அசையாது.

இன்னொரு சங்கதி. சரியான கம்பி போட்டாலும் பீஸ் உருக அதன் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரன்ட் வேண்டும். எம்.சி.பி. தன் அளவைப்போல 1.45 மடங்கு ஓடினாலே ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிட வேண்டும் என்பது தரவிதி. ஷார்ட் ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். இழை முறுக்கி ஏமாற்றவும் முடியாது.

பீஸ், எம்.சி.பி. இரண்டுமே காவல் காப்பது ஒயரைத்தான். உங்களை அல்ல. உடம்பு வழியாக 0.1 ஆம்பியர் போனாலே உயிர் போகலாம். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு 23 வாட்ஸ் பல்பு எரிவதற்குச் சமம். விழுவதற்கு அதற்கு எந்தக் காரணமும் இல்லை.

"எர்த் இருக்கே?" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் எர்த்தின் எதிர்ப்பு 10 ஓம் என்று வையுங்கள், பழைய வீடுகளில் இது சாதாரணம். கீசருக்குள் ஒயர் தோல் உரிந்து பாடியில் பட்டுவிட்டது. 230 வோல்ட்டை 10 ஆல் வகுத்தால் 23 ஆம்பியர் மண்ணுக்குள் ஓடும். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமென்றால் அதைப்போல 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் ஓட வேண்டும். 23 ஆம்பியருக்கு அது சூடேறித்தான் மெதுவாக விழும். அதுவரை கீசர் பாடியும் குழாயும் கரன்ட்டோடு இருக்கும், ஈரக் கையோடு நீங்களும் இருப்பீர்கள்.

இந்த இடைவெளியை அடைப்பது ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் கரன்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரன்ட்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 விநாடிக்குள் லைனை அறுத்துவிடும். கசிவு பெரிதானால் இன்னும் சீக்கிரம். ஆகவே வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர்தான். கடையில் 100, 300 என்றும் இருக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க, ஆள் உயிருக்கு அல்ல. இதற்கும் எல்லை உண்டு. ஓவர்லோடு, ஷார்ட் இரண்டையும் ஆர்.சி.சி.பி. கண்டுகொள்ளாது, அதற்கு எம்.சி.பி. கூடவே வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்று ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் உலகத்தில் எந்த ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது.

எம்.சி.பி. மட்டும் போட்டு ஆர்.சி.சி.பி.யை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுவதைவிட, பழைய பீஸ் கட்டைகளோடு முன்னால் ஒரு ஆர்.சி.சி.பி. மாட்டுவது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. செலவைச் சுருக்க வேண்டிய இடம் இது கிடையாது.

கணக்கெடுப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மெயினை அணைத்து, ஒரு பீஸ் கட்டையை மட்டும் உருவி வைத்து, மெயினைப் போடுங்கள். எந்த லைட், எந்த பிளக் செத்துப்போகிறது என்று எழுதுங்கள். மறுபடி மெயினை அணைத்துவிட்டுத்தான் கட்டையைத் திரும்பச் சொருக வேண்டும். கட்டை உருவிய அடிப்பகுதியில் செம்புப் பற்கள் திறந்தே இருக்கும், அங்கே கரன்ட் உண்டு. மெயின் ஓடும்போது அந்தப் பக்கம் கை, குழந்தை எதுவும் போகக் கூடாது.

இப்படிப் பார்த்தால் விநோதங்கள் வெளிவரும். சமையலறை பிளக்கும் மாடி பாத்ரூம் கீசரும் ஒரே கட்டையில் இருக்கும். மாடிப்படி லைட்டுக்குப் பேஸ் ஒரு கட்டையிலிருந்தும் நியூட்ரல் இன்னொன்றிலிருந்தும் வரும். இதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய தலைவலி தரப்போவது இதுதான். சில வீடுகளில் பேஸுக்கு ஒரு கட்டை, நியூட்ரலுக்கு ஒரு கட்டை என்று ஜோடி ஜோடியாக இருக்கும். நியூட்ரல் பீஸ் மட்டும் போனால் லைட் அணைந்துவிடும், ஆனால் ஹோல்டரில் பேஸ் உயிரோடு நிற்கும். "கரன்ட் இல்லையே" என்று பல்பைக் கழற்றப் போனவர்கள் அடி வாங்கியது இப்படித்தான். புதிய பெட்டியில் நியூட்ரலுக்குத் தனியாக பீஸ் என்ற பேச்சே கூடாது.

அடுத்தது ஒயர். இதை ஒயர்மேனோடு சேர்ந்துதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு லைனுக்கும் என்ன அளவு ஒயர் போயிருக்கிறது? பழைய கணக்கில் 1/18, 3/22 இரண்டும் சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர். 3/20 சுமார் 2. 7/20 சுமார் 4.6. எம்.சி.பி.யின் அளவை முடிவு செய்வது இந்த ஒயர்தான், நீங்கள் மாட்டப்போகும் ஏ.சி. அல்ல. செம்பு ஒயரில் 1 சதுர மில்லிமீட்டருக்கு 6 ஆம்பியர், 1.5க்கு 10, 2.5க்கு 16, 4க்கு 20 என்று வைத்துக்கொண்டால் நம் ஊர் வெயிலுக்கும் பத்திரம். "விழுந்துகிட்டே இருக்குண்ணே, 32 போட்டுவிடவா?" என்று யாராவது கேட்டால் அவர் மூன்று இழை முறுக்கியவரின் பேரன் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வெள்ளி மாதிரி மங்கலாக ஒயர் தெரிந்தால் அது அலுமினியமாக இருக்கலாம். அதற்கு இந்த அளவுகள் பொருந்தாது, ஒரு படி குறைத்துப் போட வேண்டும். அலுமினியத்தையும் செம்பையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றுவது கெட்ட பழக்கம். அந்த முறுக்கு நாளாக நாளாகப் பூத்து, சூடாகி, கருகிவிடும். மச்சுக்குக் கீழே மர ரீப்பரில் கிளிப் அடித்து ஓட்டிய ரப்பர் ஒயராக இருந்து, முனையை வளைத்ததும் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பெட்டித் திட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதலில் ஒயரிங், அப்புறம் பெட்டி.

தோல் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மெக்கர் வைத்துப் பார்த்தாக வேண்டும். மெயினை அணைத்து, எல்லா பிளக்கையும் உருவி, இன்வெர்ட்டரைப் பிரித்துவிட்டு, எல்.இ.டி. பல்புகளையும் கழற்றி வைத்து, 500 வோல்ட் மெக்கரால் பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அளப்பார்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனில் எங்கோ கசிவு இருக்கிறது. பெரும்பாலும் பாத்ரூம் சுவர், மொட்டைமாடி லைட், வெளியே நனையும் காலிங் பெல் சுவிட்ச். இதை இப்போதே கண்டுபிடித்துச் சரி செய்தால் பாதி நாள் வேலை. விட்டுவிட்டால் ஐப்பசி அடைமழையில் ராத்திரி ஆர்.சி.சி.பி. விழுந்து வீடே இருண்டு கிடக்கும்.

எர்த்தையும் அதற்குரிய மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பல்பு மாட்டிப் பார்த்து "நல்லா எரியுதே" என்பது சோதனை ஆகாது. முன்பே சொன்ன 10 ஓம் எர்த்திலும் பல்பு ஜம்மென்று எரியும். வீட்டுக்கு 5 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது. அளப்பதற்கு ஏற்ற காலம் கோடை. ஐப்பசி மழைக்குப் பின் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்; கத்திரி வெயிலில் மண் காய்ந்து கிடக்கும்போதுதான் அதன் நிஜ முகம் தெரியும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் கூடுதல் கவனம் வேண்டும், கோடையில் மண் வெடித்துப் பைப்பைவிட்டு விலகிவிடும். உப்பும் கரியும் போட்ட பழைய பைப் எர்த்தாக இருந்தால் குழியைத் தோண்டிப் பாருங்கள். பைப்பில் ஒயர் மாட்டிய கிளாம்ப் துருப்பிடித்துப் பெயருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குழாயெல்லாம் இப்போது பி.வி.சி. ஆகிவிட்டது.

பழைய இரண்டு முள் பிளக்குகளுக்கு எர்த் ஒயரே போயிருக்காது. குறைந்தபட்சம் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், கீசர், மோட்டார் இவற்றுக்காவது பச்சை ஒயர் இழுத்துவிட வேண்டும்.

பெட்டிக்குள் என்ன, எத்தனை

கே.கே. நகரில் இரண்டு படுக்கையறை உள்ள ஒரு சாதாரண வீடு, சிங்கிள் பேஸ் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்க லைட், ஃபேன் ஒரு 10 ஆம்பியர், பின்பக்கம் இன்னொரு 10. சமையலறைப் பவர் பிளக் 16. பிரிட்ஜுக்குத் தனியாக 10. ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 20. கீசர் 2 கிலோவாட் என்றால் ஓடும்போது ஒன்பது ஆம்பியர் போல இழுக்கும், அதற்கு 16. மோட்டார் 16. இன்வெர்ட்டருக்குப் போகும் லைன் 10. மொத்தம் எட்டு சிங்கிள் போல் (பேஸை மட்டும் அறுக்கும்) எம்.சி.பி., அத்தனையும் 'சி' வகை. மெயினுக்கு 40 ஆம்பியர் டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் அறுப்பது) ஒன்று.

ஆர்.சி.சி.பி.யை ஒன்றாகப் போடாமல் இரண்டாகப் போடுவதையே நான் சொல்வேன். கீசர், மோட்டார், வாஷிங் மெஷின், சமையலறை எல்லாம் ஒன்றில். லைட், ஃபேன், பிரிட்ஜ், இன்வெர்ட்டர் இன்னொன்றில். தண்ணீர் புழங்கும் சாமான்தான் அடிக்கடி கசியும். அதற்காக ராத்திரி ஃபேன் நிற்கக் கூடாது, ஊருக்குப் போன நேரத்தில் பிரிட்ஜ் அணைந்து மீன் நாறக் கூடாது. ஆர்.சி.சி.பி.யின் ஆம்பியர் அளவு மெயினைவிடக் குறையக் கூடாது: 40க்கு 40 அல்லது 63. இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின், இன்டக்‌ஷன் போன்ற எலெக்ட்ரானிக் சாமான்கள் இருக்கும் பக்கத்துக்கு 'ஏ' டைப் கேளுங்கள். கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் 'ஏ.சி.' டைப்; பெயரைப் பார்த்து அது ஏ.சி. மெஷினுக்கானது என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்போது இடத்தை எண்ணுங்கள். மெயின் 2 இடம், ஆர்.சி.சி.பி. ஒவ்வொன்றும் 2, எம்.சி.பி. எட்டு. ஆக 14. '12 வே' பெட்டி என்றால் மெயினைச் சேர்த்தா சேர்க்காமலா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. ஆகவே 'வே' கணக்கை நம்பாமல் உள்ளே எத்தனை இடம் என்று திறந்து எண்ணிப் பார்த்து, இரண்டு மூன்று காலி இடத்தோடு வாங்குங்கள். பெட்டிக்குள் நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் ஒயர்களைச் சேர்த்து மாட்டும் பட்டை) இரண்டு தனித்தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டு ஆர்.சி.சி.பி.க்கு இரண்டு நியூட்ரல் லிங்க் கட்டாயம். எர்த்துக்கு இன்னொன்று.

டவுனுக்குள் இருக்கும் எலெக்ட்ரிக்கல் கடைகளில் நல்ல பெயரிலும், அந்தப் பெயரைப் போலவே எழுத்து மாற்றிய பெயரிலும் சரக்கு கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் அச்சாகியிருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். கடையிலேயே நின்று பாருங்கள். பில் போட்டு வாங்குங்கள்.

புதிதாக ஏ.சி. எல்லாம் சேர்க்கிறீர்கள் என்றால் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று கரன்ட் பில்லில் பாருங்கள். போதாவிட்டால் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துவிட்டு அப்புறம் பெட்டியைத் திட்டமிடுவதே முறை. சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்பதே மாறலாம்.

ஏற்கெனவே த்ரீ பேஸ் இருக்கிறவர்களுக்கு: மெயினும் ஆர்.சி.சி.பி.யும் நாலு போல். ஒரு பேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் நம் வீடுகளில் சகஜம். எல்லா லோடையும் ஒரே பேஸில் தள்ளினாலும் தாங்கும்படி மெயினும் ஒயரும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நியூட்ரல் திருகு ஒருமுறைக்கு இருமுறை இறுக்கப்பட வேண்டும். த்ரீ பேஸில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் சாமானுக்குள் 400 வோல்ட் வரை ஏறி, டி.வி., பிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் புகையும்.

பெட்டி வைக்கும் இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண் மட்டத்தில், சாரல் அடிக்காத இடத்தில், சிலிண்டருக்கும் தொட்டிக்கும் தள்ளி. பெரியவர்கள் ஸ்டூல் போடாமல் எட்ட வேண்டும்.

வேலை நாள்

மின்வாரியம் பராமரிப்புக்காக ஷட் டவுன் அறிவித்த நாளில் வைத்துக்கொண்டால் வசதி என்று தோன்றும். வேண்டாம். ஐந்து மணிக்கு வரும் என்று பேப்பரில் போட்ட கரன்ட் மூன்று மணிக்கே வந்துவிடலாம். வேலை முடிந்த பெட்டியைச் சோதித்துப் பார்க்கவும் கரன்ட் வேண்டும். சாதாரண நாளில் காலையிலேயே தொடங்குங்கள். மங்கிய வெளிச்சத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை கிடையாது இது.

மீட்டர், அதன் சீல், மீட்டருக்கு முன்னால் இருக்கும் கட் அவுட் (மின்வாரியம் வைத்த பீஸ்) எல்லாம் மின்வாரியத்தின் சொத்து. அதில் நீங்களும் கை வைக்கக் கூடாது, உங்கள் ஒயர்மேனும் வைக்கக் கூடாது. மீட்டரிலிருந்து வரும் ஒயரையே மாற்ற வேண்டும், மெயின் சுவிட்சையே கழற்ற வேண்டும் என்றால் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் ஆள் வந்து லைனைத் துண்டித்த பிறகுதான் தொட வேண்டும்.

மெயினை அணைத்தாயிற்று. வீட்டில் கரன்ட் இல்லை என்று அர்த்தமா? இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இல்லை. மெயின் போனதும் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டைத் திருப்பி லைட் லைனுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கும், நீங்கள் கை வைக்கப்போகும் அதே பலகைக்கு. இன்வெர்ட்டரை அணைத்து, அதன் பிளக்கை உருவி, பேட்டரி ஒயரைக் கழற்றிய பின்புதான் அடுத்த வேலை. கூரையில் சோலார் இருந்தால் அதன் டி.சி. ஒயரில் வெயில் இருக்கும்வரை கரன்ட் இருக்கும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பிறகு சோதனை. பேனா மாதிரி இருக்கும் நியான் டெஸ்டர் மட்டும் போதாது. மல்டிமீட்டரை முதலில் கரன்ட் இருக்கும் ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பின் பலகையில் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் இடையில் அளந்து, மறுபடி கரன்ட் இருக்கும் இடத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். செத்துப்போன மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்.

கழற்றுவதற்கு முன் பலகையைப் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி, உங்கள் நோட்டில் உள்ள எண்ணை எழுதச் சொல்லுங்கள். ஒயர்மேன் பேஸை மட்டும் குறித்துவிட்டு நியூட்ரல்களை மொத்தமாகச் சுருட்டி ஒதுக்கப் பார்ப்பார். அங்கேதான் நிறுத்த வேண்டும். எந்த பேஸுக்கு எந்த நியூட்ரல் ஜோடி என்று தெரியாமல் போனால் ஆர்.சி.சி.பி. ஒரு நிமிடம்கூட நிற்காது. முதல் ஆர்.சி.சி.பி.யின் பேஸில் போன கரன்ட் இரண்டாவதின் நியூட்ரலில் திரும்பினால் இரண்டுமே கசிவு என்று நினைத்து விழும். அந்த மாடிப்படி லைட்டை இப்போதே ஒரே லைனுக்கு மாற்றிவிட வேண்டும். இன்வெர்ட்டரிலிருந்து திரும்பி வரும் லைனின் நியூட்ரலும், அது எந்த ஆர்.சி.சி.பி.க்குக் கீழே இருக்கிறதோ அந்த லிங்கிலேயே சேர வேண்டும்.

ஒயரை மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது மூன்று நாலு சங்கதிதான். ஓட்டைக்குள் நுழையவில்லை என்று ஒயரின் இழைகளில் பாதியை வெட்டிவிடுகிறாரா? அப்படியானால் 4 சதுர மில்லிமீட்டருக்குப் போட்ட எம்.சி.பி. 2 சதுர மில்லிமீட்டர் ஒயரைக் காக்கிறது. ஒயர் கிளாம்புக்குள் போயிருக்கிறதா, அதன் முதுகுப் பக்கம் போய்விட்டதா? இறுக்கிய பின் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எம்.சி.பி.க்களின் தலைகளை ஒயர் துண்டுகளால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவவிடாமல் செம்புச் சீப்பு பஸ் பார் போடச் சொல்லுங்கள். காலி இடங்களுக்கு மூடி, ஒயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் அவசியம். பெட்டிக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆவது நம் ஊரில் கட்டுக்கதை கிடையாது.

கரன்ட் கொடுப்பது

எல்லா எம்.சி.பி.யையும் கீழே வைத்து, மூடியைப் போட்டுத் திருகி, மெயினை மேலே தள்ளுங்கள். அடுத்து ஆர்.சி.சி.பி. அது நின்றால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றி, உங்கள் நோட்டில் எழுதியபடி அந்தந்த லைட்டும் பிளக்கும்தான் உயிர் பெறுகின்றனவா என்று பாருங்கள். மூன்று முள் பிளக்குகளில் பேஸ் வலது பக்கம் இருக்கிறதா, சுவிட்ச் அறுப்பது பேஸையா நியூட்ரலையா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் ஒன்றிரண்டாவது தலைகீழாக இருக்கும்.

டெஸ்ட் பட்டன் ஆர்.சி.சி.பி.யின் உடம்பைத்தான் சோதிக்கிறது, உங்கள் எர்த்தை அல்ல. பிளக்கில் சொருகி வேண்டுமென்றே 30 மில்லி ஆம்பியர் கசியவிடும் டெஸ்டர் ஒன்று இருக்கிறது. அது இருக்கும் ஒயர்மேன் கிடைத்தால் கீசர், வாஷிங் மெஷின் பிளக்குகளில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; பெட்டியும் எர்த்தும் சேர்ந்து வேலை செய்வது அப்போதுதான் உறுதியாகும்.

விழுந்துகொண்டே இருந்தால்

முதல் வாரத்தில் ஆர்.சி.சி.பி. விழுவது சகஜம். பெட்டி மாட்டியதால் கோளாறு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இத்தனை வருடமாக இருந்த கோளாறு இப்போதுதான் தெரிகிறது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில் உள்ள பிளக்குகளை உருவி, ஒவ்வொரு சாமானாகச் சொருகிப் பார்த்தால் ஆள் சிக்கிவிடும். கீசர் காயில், அயர்ன் பாக்ஸ், பழைய மோட்டார், ஈரம் ஏறிய கிரைண்டர் என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிய பிறகும் விழுகிறதா? சிங்கிள் போல் எம்.சி.பி. பேஸை மட்டும்தான் அறுக்கும், நியூட்ரல் லிங்கில் மாட்டியபடியே இருக்கும். எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது என்று பொருள். மெயினை அணைத்து, நியூட்ரல்களை லிங்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அது ஒயர்மேன் வேலை. எந்தச் சாமானும் தனியாகச் சிக்காமல், எல்லாம் ஓடும்போது மட்டும் விழுந்தால் சின்னச் சின்னக் கசிவுகள் கூடுகின்றன. 30 என்று போட்டிருந்தாலும் 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்பதுதான் தரவிதி. லைன்களை இரண்டு ஆர்.சி.சி.பி.க்கும் பங்கு மாற்றிப் பாருங்கள்.

எதுவானாலும் ஆர்.சி.சி.பி.யை ஒதுக்கிவிட்டு நேராக லைன் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். "ரெண்டு நாளைக்கு இப்படி இருக்கட்டும்ணே" என்பது இரண்டு வருடம் இருக்கும்.

வெளியிலிருந்து வரும் லைனிலேயே, அதாவது மீட்டருக்கு முன்னால் கோளாறு என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987இல் சொல்லிவிடுங்கள்.

பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, எந்த எம்.சி.பி. எதற்கு என்று தமிழில், வீட்டில் புழங்கும் பெயரிலேயே எழுதுங்கள்: 'அப்பத்தா ரூம்', 'மாடி', 'மோட்டார்'. கூடவே ஒயர் அளவையும், எர்த் அளந்த தேதியையும் எண்ணையும் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள், கரன்ட் பில் கட்டும் நாளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். முதல் கோடைக்குப் பிறகு ஒயர்மேனைக் கூப்பிட்டுத் திருகுகளை மட்டும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள்.